கன்கஷன்: மூளையதிர்ச்சியா, மூளையதிர்வா?

தலையில் அடிபட்டோ, அடியே படாமல் உடம்பு பலமாகக் குலுங்கியோ, பக்கத்தில் வெடித்த குண்டின் அழுத்த அலை தாக்கியோ மூளையின் வேலை கொஞ்ச நேரம் தடுமாறிப் போவதுதான் கன்கஷன். மண்டை உடைந்திருக்க வேண்டியதில்லை, ரத்தம் வர வேண்டியதில்லை, மயங்கி விழுந்திருக்கவும் வேண்டியதில்லை. தலைசுற்றல், வாந்தி, வெளிச்சத்தில் கண் கூசுவது, கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பது, இவை போன்றவைதான் வெளியே தெரியும். சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. ‘மைல்ட் டிபிஐ’, அதாவது லேசான மூளைக்காயம் என்றும் இதைச் சொல்கிறார்கள். மயங்கியவருக்கு அரை மணி நேரத்துக்குள் நினைவு திரும்பி, ஞாபகக் குழப்பமும் ஒரு நாளுக்குள் தெளிந்துவிட்டால் அது லேசானது என்பது அமெரிக்க ராணுவ மருத்துவத்தில் வைத்திருக்கும் அளவு.

வேர் லத்தீன். ‘குவாட்டெரே’ என்றால் குலுக்குவது, முன்னால் ‘கான்’ சேர்ந்தால் பலமாகக் குலுக்குவது. பெர்கஷன், டிஸ்கஷன் எல்லாம் இதே குடும்பம்தான். ஆக மூலச் சொல்லில் இருப்பது குலுங்கல் மட்டும். பயமோ திகைப்போ அதில் கிடையாது.

தமிழில் இதற்குப் பரவலாக எழுதுவது மூளையதிர்ச்சி. இலக்கணப்படி பிழையே இல்லை. அதிர் என்ற வினையிலிருந்து அதிர்வும் வரும், அதிர்ச்சியும் வரும். பழைய தமிழில் அந்த வினை உடம்பு நடுங்குவதையும் மனம் நடுங்குவதையும் சேர்த்தே தாங்கியது, ‘அதிர வருவதோர் நோய்’ என்று குறள் சொல்வது அப்படிப்பட்ட நடுக்கத்தைத்தான். ஆனால் இன்றைய வழக்கில் இரண்டும் பிரிந்துவிட்டன. மரணச் செய்தி கேட்டால் அதிர்ச்சி, பேப்பரில் வருவது அதிர்ச்சித் தகவல். நிலம் ஆடினால் நில அதிர்வு, சட்டைப்பையில் போன் துடித்தால் அதிர்வு, கோயில் திருவிழாவில் நெஞ்சுக்கூடு வரை இடிப்பது அதிர்வேட்டு. மனத்துக்கு ஒன்று, பொருளுக்கு ஒன்று என்று வழக்கே பங்கு பிரித்துவிட்டது. அதனால் என் கணக்கில் கன்கஷனுக்குச் சரியான சொல் மூளையதிர்வு. மூளையதிர்ச்சி என்று எழுதினால், ஏதோ பயந்துபோய்விட்டார் போல என்று படிப்பவருக்குத் தோன்ற இடமிருக்கிறது.

ஒரு விகுதிக்கு இவ்வளவு பேச்சா என்றால், ஆமாம், இந்தக் குழப்பத்துக்கு வீரர்கள் உயிரையே கொடுத்திருக்கிறார்கள். முதல் உலகப் போரில் குண்டு வெடித்த இடத்திலிருந்து காயமே இல்லாமல் வந்தவர்கள் பேச்சு குழறி, பார்வை மங்கி, ஞாபகம் தவறிப்போய் நின்றார்கள். 1915இல் சார்லஸ் மையர்ஸ் என்ற மருத்துவர் ‘லான்செட்’ இதழில் அதை ‘ஷெல் ஷாக்’ என்று எழுதினார். ஷெல் என்றால் பீரங்கிக் குண்டு. ஷாக் மட்டும் மூளை குலுங்கியதையும் சொல்லும், மனம் உடைந்ததையும் சொல்லும். ராணுவம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது, அப்புறம் அது கோழைத்தனம் என்பது வரைக்கும் போனது. ஹாரி ஃபார் என்ற பிரிட்டிஷ் வீரர் ஷெல் ஷாக் என்று 1915இல் மாதக்கணக்கில் மருத்துவமனையில் இருந்தவர், கை நடுக்கத்தில் பேனா பிடிக்க முடியாமல் வீட்டுக்குக் கடிதம்கூட ஒரு நர்ஸ்தான் எழுதிக் கொடுத்தார். மறுபடி போர்முனைக்கு அனுப்பினார்கள். முன்னால் போக முடியவில்லை என்று அவர் நின்றுவிட, 1916 அக்டோபரில் கோழைத்தனம் என்று சுட்டுக் கொன்றார்கள். கோழைத்தனம், படையை விட்டு ஓடியது போன்ற குற்றங்களுக்காக இப்படிக் கொல்லப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் மன்னிப்பு அறிவித்தது 2006இல். ஃபாருக்கு இருந்தது மூளையில் பட்ட காயமா, மனத்தில் பட்டதா, இரண்டுமா என்று இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

வெடிப்பு மூளைக்குள் என்ன செய்கிறது என்று கண்ணால் பார்க்க நூறு வருஷம் ஆனது. 2016இல் டேனியல் பெர்ல் என்ற அமெரிக்க மூளை நோயியல் மருத்துவரின் குழு, குண்டுவெடிப்பில் சிக்கிய சில அமெரிக்க வீரர்களின் மூளைகளை அவர்கள் இறந்த பிறகு ஆராய்ந்தது. சாம்பல் நிறப் பகுதியும் வெள்ளைப் பகுதியும் சேரும் எல்லையில், மூளைத் திரவத்தை ஒட்டிய ஓரங்களில், ரத்தக்குழாய்களைச் சுற்றி, மெல்லிய தழும்புகள் இருந்தன. அடர்த்தி மாறுகிற இடங்களில்தான் அழுத்த அலை அதிகம் கிழிக்கும் என்ற பௌதிகக் கணக்கோடு அது பொருந்தியது.

வயதான பிறகு என்ன ஆகிறது என்பது தனிக் கதை. இரண்டாம் உலகப் போரில் தலையில் அடிபட்ட கடற்படை, மரைன் வீரர்களின் பழைய மருத்துவமனை ஏடுகளைத் தோண்டியெடுத்து, ஐம்பது வருஷம் கழித்து ஆராய்ச்சியாளர்கள் அந்த முதியவர்களைத் தேடிப் போய்ப் பார்த்தார்கள். நடுத்தர அடி பட்டவர்களுக்கு அல்சைமர் (மறதி நோயில் ஒரு வகை) வரும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல், கடுமையான அடி பட்டவர்களுக்கு நான்கு மடங்குக்கு மேல் என்று 2000இல் வெளியிட்டார்கள். லேசான அடிக்கு அதில் தெளிவான விடை வரவில்லை. 2018இல் டெபோரா பார்ன்ஸ் குழு சுமார் மூன்றரை லட்சம் முன்னாள் வீரர்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, நினைவே தப்பாத லேசான மூளைக்காயத்துக்குக்கூட டிமென்ஷியா என்கிற மறதி நோய் வரும் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் என்று வந்தது. இன்னொரு பக்கம், வியட்நாம் போரில் இருந்தவர்களை ஸ்கேன் வைத்துப் பார்த்த ஆய்வில் அல்சைமருக்கே உரிய அமிலாய்டு புரதம் அடிபட்டவர்களிடம் கூடுதலாக இல்லை. அப்படியானால் இந்த மறதி அல்சைமர் அல்லாத வேறு வழியில் வருகிறதோ என்பதுதான் இப்போதைய கேள்வி. ஈராக், ஆப்கானிஸ்தான் வீரர்களை 2013இல் தொடங்கிய ஒரு பெரிய ஆய்வு ஆயுள் நெடுகப் பின்தொடர முயல்கிறது, அவர்களுக்கு இன்னும் வயதே ஆகவில்லை.

பழைய குழப்பமும் போய்விடவில்லை. 2020 ஜனவரியில் ஈராக்கில் அமெரிக்க வீரர்கள் இருந்த அல் அசாத் தளத்தில் ஈரானிய ஏவுகணைகள் விழுந்தன. யாருக்கும் காயம் இல்லை என்று முதலில் அறிவித்தார்கள், பிறகு நூறு பேருக்கு மேல் மூளைக்காயம் என்று உறுதியானது. இடையில் அமெரிக்க அதிபராக இருந்த டிரம்ப் அதைத் தலைவலி என்று சொல்லிவிட்டார், முன்னாள் வீரர் சங்கம் ஒன்று மன்னிப்பு கேட்கச் சொன்னது.

சரி, எழுதும்போது எப்படி? அவருக்கு மூளையதிர்வு ஏற்பட்டது என்று எழுதலாம். மூளை கலங்கிவிட்டது என்பது வேண்டாம், பேச்சு வழக்கில் அது பைத்தியம் என்ற பொருளுக்குப் போய்விடும். தலைக்காயம் என்றால் தோலும் எலும்பும் வரைதான் என்று படிப்பவர் நினைத்துவிடலாம். மைல்ட் என்பதை மொட்டையாக ‘லேசானது’ என்று விடாமல், ‘முதல் நாள் அளவில் லேசானது’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவு முதல் நாளுக்கு மட்டும்தான் எடுக்கப்பட்டது.