மருந்து போட்டும் ஈர் ஏன் அப்படியே இருக்கிறது?

மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு மருந்து போட்டு அலசிய பிறகும் முடியில் வெள்ளை வெள்ளையாக ஈர் ஒட்டியிருக்கிறதே, மருந்து வேலை செய்யவில்லையா என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பேன் பறக்காது, குதிக்காது, தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்து ஏறும், சுத்தமான தலையென்று விட்டுவிடாது. இதெல்லாம் தெரிந்ததுதான், நேரே ஈருக்கு வருவோம்.

பெண் பேன் ஒற்றை முடியைக் காலால் கவ்விக்கொண்டு, பின்முனையிலிருந்து கொஞ்சம் பசையைக் கசியவிட்டு அதிலேயே முட்டையை வைக்கிறது. பசை முடியைச் சுற்றி வழிந்து குழாய் மாதிரி இறுகிவிடும். அது புரதம், முடியும் புரதம், அதனால் பசையைக் கரைக்கிற சரக்கு முடியையும் சும்மா விடாது. எவ்வளவு கெட்டி என்றால், அர்ஜென்டினாவின் சான் ஹுவான் பகுதி மம்மிகளின் முடியில் சுமார் 2000 ஆண்டுகளாக ஈர் ஒட்டியே இருந்திருக்கிறது, ஒட்டும்போது பசையில் சிக்கிய தலைத்தோல் செல்களிலிருந்து அந்த மனிதர்களின் டிஎன்ஏவையே பிரித்தெடுத்துவிட்டார்கள், பல்லையோ எலும்பையோ துளைக்காமல்! பேனை ஆராய எதற்குக் காசு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

முட்டைக்குச் சூடு வேண்டும், அதனால் பேன் அதைத் தோலை ஒட்டியே இடும். ஏழு முதல் பத்து நாளில் குஞ்சு வெளியேறிவிடும், கூடு அங்கேயே நிற்கும். முடி மாதம் சுமார் 1 செ.மீ. வளர்கிறது, கூடும் கூடவே நகர்கிறது. ஆக, தோலிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தள்ளி இருப்பது பெரும்பாலும் எப்போதோ காலியான கூடு. அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கடைசி பெஞ்சில் தனியே உட்கார வைப்பதும், வீட்டுக்கு அனுப்புவதும் கொடுமை. பேன் இருந்தாலும் பள்ளியை விட்டு நிறுத்தக் கூடாது என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமே சொல்கிறது.

சரி, மருந்து? பேன் மருந்துகளில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பேனின் நரம்பைத் தாக்கும், ஆனால் புது முட்டைக்குள் நரம்பே இன்னும் உருவாகியிருக்காது. அது தப்பிப் பொரிக்கும், அதனால்தான் ஒன்பதாம் நாள் வாக்கில் இன்னொரு தடவை போடச் சொல்கிறார்கள். அப்புறம், ஈரத் தலையில் கண்டிஷனர் தடவி, மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை, இரண்டு மூன்று வாரம் பேன் சீப்பால் வேரிலிருந்து நுனி வரை வாருங்கள். சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூச வேண்டாம், கண்ணில் பட்டால் கருவிழியையே புண்ணாக்கிவிடும்.