எதிர்த்து நில்லாமை: ‘வேர்லோசிக்கைட்’ என்ற சொல்லுக்குத் தமிழ்

பதினாறாம் நூற்றாண்டின் கிறிஸ்தவச் சீர்திருத்தக் காலத்தில், நம்பிக்கை கொண்ட பெரியவர்களுக்கே ஞானஸ்நானம் என்ற அனபாப்டிஸ்டுகள் வாளெடுக்க மறுத்த நிலைப்பாட்டை, அவர்கள் வழிவந்த மென்னோனைட் மரபு ‘வேர்லோசிக்கைட்’ என்ற ஜெர்மன் சொல்லால் குறிக்கிறது. ‘வேர்’ என்பது தற்காப்பையும் அதற்கான படைக்கலத்தையும், ‘லோஸ்’ என்பது அவை அற்றிருப்பதையும் சுட்டும். காப்பாரற்றவனின் இயலாமையைச் சொல்லும் சொல்லையே, தாமாக ஏற்ற ஒழுக்கத்துக்குப் பெயராக்கிக்கொண்டார்கள்.

போர்வீரனும் மீட்படையலாம் என்று ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1526-இல் எழுதினார். மறு ஆண்டே அனபாப்டிஸ்ட் தலைவர் மிகாயேல் சாட்லர் முன்னின்று உருவாக்கிய ஷ்லைட்ஹைம் கொள்கை அறிக்கையின் ஆறாம் பிரிவு, வாள் கடவுளின் ஏற்பாடுதான், ஆயினும் அது கிறிஸ்துவின் நிறைவுக்குப் புறம்பானது என்றது. எல்லா அனபாப்டிஸ்டுகளும் இதை ஏற்கவில்லை. மொராவியாவின் நிக்கோல்ஸ்பூர்க்கில் ஆட்சியாளரின் வாளை ஏற்றவர்கள் ‘வாள்காரர்’ என்றும், வாளுக்குப் பதில் கைத்தடி ஏந்தியவர்கள் ‘தடிக்காரர்’ என்றும் பிரிந்தார்கள். 1534-இல் ஜெர்மனியின் மியுன்ஸ்டர் நகரைக் கைப்பற்றிய அனபாப்டிஸ்டுகளோ வாளையே நம்பினார்கள்.

இச்சொல்லைப் ‘போர் மறுப்பு’ என்று பெயர்த்தால் பொருள் சுருங்கிவிடும். நெதர்லாந்தின் ஆஸ்பெரன் ஊரில் சிறையிலிருந்து தப்பிய அனபாப்டிஸ்ட் டிர்க் வில்லெம்ஸ் உறைந்த நீர்மேல் ஓடிக் கரையேறினார். துரத்தி வந்தவனோ பனிக்கட்டி உடைந்து நீரில் விழுந்தான். வில்லெம்ஸ் திரும்பிச் சென்று அவனைக் கைதூக்கிக் காப்பாற்றினார். அதனாலேயே பிடிபட்டு, 1569 மே மாதம் எரித்துக் கொல்லப்பட்டார். அங்கே போர் எதுவும் இல்லை. ஆனாலும் இச்சொல்லின் முழுப்பொருளும் அந்தத் திரும்பி நடந்த சில அடிகளில் இருக்கிறது.

‘அகிம்சை’ அழகிய சொல். ஆனால் அதன் வேர் சமண, பௌத்த மரபுகளில் இருப்பதால், இயேசுவின் ஒரு குறிப்பிட்ட கட்டளைக்குக் கீழ்ப்படிதல் என்ற பொருளை அது ஏந்துவதில்லை. ‘எதிர்ப்பின்மை’ என்றால், எல்லாவற்றுக்கும் இசைந்தார்கள் என்றாகிவிடும். அவர்களோ அரசு கேட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்தவர்கள். குழந்தை ஞானஸ்நானத்தையும் மறுத்தவர்கள்.

அந்தக் கட்டளை மத்தேயு 5:39-இல் உள்ளது. பழைய தமிழ் வேதாகமம் அதைத் ‘தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்’ என்றே தருகிறது. ஆகவே ‘எதிர்த்து நில்லாமை’ என்பதே நேரான சொல் என்பது என் உறுதியான கருத்து. ‘நில்’ என்ற வினை, தாக்க வருபவன் முன் உடல் எடுக்கும் நிலையைக் காட்டுகிறது. மனம் இசைந்தது என்று அது சொல்வதில்லை. கலைச்சொல்லாகச் சுருக்க வேண்டுமானால் ‘எதிர்நில்லாமை’ என்று ஆளலாம்.