அலமாரிக்குப் பின்னால்

கட்டடங்களில் கசிவு, விரிசல் பார்ப்பது என் தொழில். அடுக்குமாடி வீடு எதற்குள் போனாலும் முதலில் "வீடு எப்படி இருக்கு?" என்று கேட்பேன். சொந்தக்காரர் பெரும்பாலும் "நல்லாத்தான் இருக்கு சார்" என்பார். ஒருமுறை அப்படிச் சொன்னவர் வீட்டில் படுக்கையறை அலமாரியை ஒரு சாண் நகர்த்தச் சொன்னேன். சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். விரல் பட்டதும் பெயின்ட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. "தெரியும் சார், அதனாலதான் அலமாரியையே அங்க போட்டோம்" என்றார் அவர் மனைவி.

அவர்கள் ஏமாற்றவில்லை. கடன்பட்டு வாங்கிய வீட்டைக் குறை சொல்ல வாய் வராது. விற்கும்போது விலை இறங்குமோ என்ற பயம் வேறு. வாடகைக்கு இருப்பவரைக் கேளுங்கள், இரண்டே நிமிடத்தில் பட்டியல் போட்டுவிடுவார். கணக்கெடுப்புகளில் சொந்தக்காரர்களே பொதுவாக அதிகத் திருப்தி காட்டுவார்கள். ஆணி அடிக்கக்கூட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாமே, அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தத் திருப்தியில் கொஞ்சம் அலமாரிக்குப் பின்னால் இருப்பது என்பது என் கணக்கு.

வாடகைக்காரரின் கோபமும் ஓதத்தின் மேல் மட்டும் இல்லை. கசிவு மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து வரும். இவர் வீட்டுக்காரரிடம் சொல்வார், அவர் சங்கத்திடம் சொல்வார், சங்கம் மேல்வீட்டுக்காரரைத் தேடும், அவரோ வெளியூரில். இதற்குள் மாதங்கள் ஓடிவிடும். மேல்வீட்டுக் குளியலறையை நாலைந்து நாள் பூட்டி வைத்தும் கசிவு குறையவே இல்லை என்றால், தண்ணீர் வரும் குழாயைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். குறைந்தால், வடிகால் துளையை அடைத்து 24 மணி நேரம் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். கீழே ஈரம் கூடினால் தளத்தின் நீர்த்தடுப்புப் பூச்சு போய்விட்டது.

அப்புறம் சத்தம். பேச்சுச் சத்தத்தைக் கனமான சுவர் ஓரளவு தடுக்கும். நாற்காலி இழுக்கும் சத்தம் கான்கிரீட் வழியாகவே இறங்கும். கீழ்வீட்டுக்காரர் கூரைக்குச் செலவழிப்பதைவிட மேல்வீட்டு நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் போடுவது மேல். படுக்கையறைக்குள் தொடர் சத்தம் 30 டெசிபலையும் திடீர்ச் சத்தம் 45-ஐயும் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. பகலில் வீடு பார்த்துவிட்டு வந்தால் இதெல்லாம் தெரியாது. இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை போய்ப் பத்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருங்கள்.

சரி, அந்த அலமாரி வீடு? சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை, உள்ளே ஒரு குழாய் இணைப்பு தளர்ந்திருந்தது. சரிசெய்ய அரை நாள்தான் ஆனது.