ஊர் திரும்பும் நாளைப் பற்றிக் கொஞ்சம்

குன்னூரில் குடும்பநல ஆலோசகராக இருக்கும் என்னிடம், வேலைக்காக ஓயாமல் பயணம் செய்கிறவர்களின் குடும்பங்கள் நிறைய வருகின்றன. தேயிலை இயந்திரங்களை விற்கவும் பழுதுபார்க்கவும் அசாமுக்கும் மூணாறுக்கும் போகிறவர்கள், மருந்து நிறுவனப் பிரதிநிதிகள், கொரோனா காலத்தில் பெங்களூரு வாடகைக்கு விடைகொடுத்து மலையேறி வந்து, இப்போது அலுவலகம் கூப்பிடும்போதெல்லாம் இறங்கிப் போகும் கணினித் துறையினர். வந்து உட்கார்ந்ததும் நாள்கணக்கில்தான் பேச்சு தொடங்கும். மாதத்தில் பாதி நாள் வீட்டில் இல்லை என்பார் மனைவி. அவ்வளவெல்லாம் இல்லை என்று கணவர் கைப்பேசியில் காலண்டரைத் திறப்பார். அந்தக் கணக்கில் நான் தலையிடுவதில்லை. கடைசியாகப் பெரிய சண்டை எப்போது வந்தது என்று மட்டும் கேட்பேன். அவர் ஊரில் இல்லாத நாட்களைச் சொல்பவர்கள் குறைவு. திரும்பி வந்த இரவு, அல்லது மறுநாள் காலை என்பதே பெரும்பாலும் வரும் பதில்.

போவதற்கு எத்தனை ஏற்பாடு செய்கிறோம்! டிக்கெட், பெட்டி, மாத்திரை, சார்ஜர். வருவதற்கு ஓர் ஏற்பாடும் கிடையாது. வந்து சேர்ந்தால் போதும் என்று இருந்துவிடுகிறோம்.

ஒருவர் ஒரு வாரம் இல்லையென்றால் வீடு அவருக்காகக் காத்துக்கொண்டு நிற்பதில்லை. தனக்கென்று புதிதாக ஓர் ஒழுங்கை வகுத்துக்கொள்கிறது. கோத்தகிரிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். அப்பா வெளியூர் போனதும் அம்மா இரவுச் சாப்பாட்டை ஏழு மணிக்கே முடித்துவிடுவார். வீட்டுப்பாடம் சமையலறையில், அடுப்பு வெப்பத்தில். சின்னவள் அப்பாவின் இடத்தில் படுத்துக்கொள்வாள். எட்டரைக்கு விளக்கை அணைத்தால் வீடு அடங்கிவிடும். வெள்ளிக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அப்பா வருகிறார். விளக்குகள் எரிகின்றன, பெட்டி திறக்கிறது, பொம்மையைக் காட்ட உறங்கும் குழந்தையை எழுப்புகிறார். காலையில், மணி ஒன்பதாகியும் ஏன் யாரும் குளிக்கவில்லை என்று அதட்டல். "நான் ஒரு வாரமாகக் கட்டி நிறுத்தியதை ஒரே இரவில் கலைத்துவிட்டுத் திங்கட்கிழமை போய்விடுகிறீர்கள்" என்றார் மனைவி. "என் வீட்டில் நான் விருந்தாளியா?" என்றார் கணவர். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அவரிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: வந்த முதல் நாள் எதையும் திருத்த வேண்டாம், ஏதாவது ஒரு வேலையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போவதை எடுத்துக்கொண்டார். அதட்டல் ஒரேயடியாக நின்றுவிடவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. அதுவே அந்த வீட்டுக்குப் பெரிய நிம்மதி.

சிறு குழந்தைகளிடம் இது இன்னும் வெளிப்படையாகத் தெரியும். மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர், ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளுக்குத் தாயோடு உள்ள பிணைப்பை ஆராய ஒரு சோதனையை வடிவமைத்தார். தாய் சில நிமிடங்கள் அறையைவிட்டுப் போய்த் திரும்பி வருவார். அவர் போகும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதற்கே ஐன்ஸ்வொர்த் அதிக முக்கியத்துவம் தந்தார். வெளியூரிலிருந்து வரும் அப்பாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டியின் தோளில் சாயும் குழந்தையை எல்லோரும் பார்த்திருப்போம். "என்னை மறந்துவிட்டான்" என்று அப்பாக்கள் உடைந்துபோவார்கள். மறந்திருந்தால் ஏன் முகம் திருப்ப வேண்டும்? புதிய ஆளைப் போல உற்றுப் பார்த்திருக்குமே. அது தெரிந்த முகத்தின் மேல் வரும் கோபம். தரையில் அருகே உட்கார்ந்து காத்திருந்தால், கொஞ்ச நேரத்தில் தானே நகர்ந்து வரும். "அப்பாவுக்கு முத்தம் கொடு" என்று பெரியவர்கள் பிடித்துத் தள்ளாமல் இருந்தால் சீக்கிரமே வரும்.

நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஒரு தந்திரம் உண்டு. கிளம்பும் நேரத்தில் பாட்டி குழந்தையைக் கொல்லைப்புறம் தூக்கிப் போய், "அதோ பார், காக்கா!" என்று காட்டுவார். அந்த இடைவெளியில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியே அப்பா நழுவிவிடுவார். அழுகை மிச்சமானது என்று நினைக்கிறோம். குழந்தை கற்றுக்கொள்வது வேறு: கொஞ்சம் கண்ணைத் திருப்பினால் ஆள் காணாமல் போய்விடுவார். பிரிவச்சம் எட்டு மாதம் அளவில் தொடங்கி, ஒன்றரை வயதுவரை தீவிரமாக இருக்கும். அந்த வயதுக் குழந்தையிடம் இப்படி நழுவினால், மறுநாள் அம்மா குளியலறைக்குப் போனாலும் கதவருகே நின்று கதறும். சொல்லிவிட்டுப் போங்கள். அழட்டும். அழுகைக்கு நடுவே கையசைத்துவிட்டுப் போகிறவர்தான் திரும்பி வருவார் என்று அது நம்பும்.

இதைவிட எனக்கு எரிச்சல் தருவது இன்னொரு வாக்கியம்: "அப்பா வரட்டும், இருக்கிறது உனக்கு!" வாரம் முழுவதும் குற்றப்பத்திரிகை தயாராகும், வெள்ளிக்கிழமை நீதிபதி வருவார். பிறகு, அப்பா வந்தால் பையன் ஏன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான் என்று ஆச்சரியப்படுவார்கள். செவ்வாய்க்கிழமைத் தவறுக்குச் செவ்வாய்க்கிழமையே, அங்கே இருப்பவரே தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும். ஊரிலிருந்து வருபவர் அந்தத் தீர்ப்பை மாற்றவும் கூடாது.

மலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும் உரிய சிக்கல் ஒன்று உண்டு. சமவெளிக்காரருக்கு விமானம் இறங்கினால் வீடு வந்த மாதிரி. நமக்குக் கோயம்புத்தூரில் இறங்கிய பிறகுதான் மலைப் பயணம் தொடங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பர்லியார் சாலையில் எந்த இடத்தில் மண் சரியும் என்று யாருக்கும் தெரியாது. 2009 நவம்பரில் மண்சரிவுகளால் நீலகிரி மாவட்டம் பட்டபாடு பெரியவர்களுக்கு நினைவிருக்கும். ஏப்ரல், மே சீசனில், வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் என்ற இணைய அனுமதி வந்த பிறகும் நெரிசல் தீர்ந்தபாடில்லை. கூடலூர்க்காரர்கள் பெங்களூரிலிருந்து வந்தால், இரவு ஒன்பதுக்குப் பந்திப்பூர்க் காட்டுப் பாதை மூடிவிடும், காலை ஆறுக்குத்தான் திறக்கும். இந்த நிலையில், "வெள்ளி ராத்திரி வந்துவிடுவேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுப்பது ஏமாற்றத்துக்கு விதை போடுவது.

ஏமாற்றம்கூடப் பரவாயில்லை. வாக்கைக் காப்பாற்ற நள்ளிரவில் தானே வண்டியோட்டி மலையேறுகிறவர்களை நினைத்தால்தான் பயம். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் தடுமாற்றத்துக்கு நிகர் என்று 1997-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நம் நாட்டுச் சட்டம் வாகன ஓட்டிக்கு அனுமதிப்பது 0.03 சதவீதம்தான். காலை ஐந்துக்கு எழுந்தவருக்கு இரவு பத்துக்கு அந்த 17 மணி நேரம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு கல்லாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள், பனிமூட்டம், சாலையைக் கடக்கும் யானைகள். மேட்டுப்பாளையத்தில் ஓர் அறை எடுத்துத் தூங்கிவிட்டு விடிந்ததும் ஏறுங்கள். பிள்ளையிடம் "சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட நான் இருப்பேன்" என்று சொல்லுங்கள். மூன்று நான்கு வயதுக் குழந்தைக்குக் கிழமை புரியாது. எத்தனை முறை தூங்கி எழ வேண்டும் என்று சொன்னால் புரியும். அதிலும் ஓர் இரவைக் கூட்டியே சொல்லுங்கள். முன்னதாக வந்தால் கொண்டாட்டம்தானே.

வீடியோ அழைப்பைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தூக்கம் சொக்கும் நேரத்தில் அழைத்தால் குழந்தை அழும், அழைத்தவரும் அழுவார். காலையில் அழையுங்கள், சுருக்கமாக.

இத்தனையும் பயணம் போகிறவரைச் சுற்றியே நடக்கிறது. வீட்டில் இருப்பவருக்கு இதில் என்ன இடம்? உலக வங்கி ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கைகளை ஆராய்ந்து 1997-இல் ஓர் ஆய்வு வந்தது. பயணம் செய்பவர்களின் கோரிக்கைகள் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன. மனநலம் சார்ந்தவற்றில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. பின்னர், அவர்களின் வாழ்க்கைத் துணைகளையும் ஆராய்ந்தபோது, வீட்டிலேயே இருந்தவர்களிடமும் அதே போக்கு இருந்தது. எனக்கு அது வியப்பாக இல்லை. திரும்பி வருபவர் களைப்பாக இருக்கிறார், அவருக்கு ஓய்வு வேண்டும் என்று வீடே ஒப்புக்கொள்கிறது. ஒரு வாரம் காஸ் சிலிண்டரிலிருந்து மாமியாரின் சர்க்கரை மாத்திரைவரை தனியாகப் பார்த்தவருக்கு ஓய்வு நாள் எது? வந்தவர் தூங்கி எழுந்ததும், அரை நாள் அவரை வீட்டிலிருந்து விடுவியுங்கள். எங்கே போகிறார், என்ன செய்கிறார் என்று கேட்க வேண்டாம்.

பயணம் போவது மனைவியாக இருந்தால் கதையே மாறிவிடுகிறது. அவன் போனால் குடும்பத்துக்காக உழைக்கிறான். அவள் போனால் பிள்ளையை விட்டுவிட்டு ஊர் சுற்றுகிறாள். இதைச் சொல்பவர்களில் படித்தவர்களும் உண்டு. அப்பாவோடு தங்கும் குழந்தை ஒன்றும் வாடிப்போவதில்லை, அப்பாவுக்குச் சமைக்கத் தெரிந்திருந்தால் போதும்.

அலுவலகத்தோடும் பேசிப் பார்க்கலாம். சென்னையில் திங்கள் காலைக் கூட்டம் என்று தலைமையகம் சாதாரணமாக எழுதிவிடும். அதற்கு ஞாயிறு இரவு மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடிக்க வேண்டும். அதைப் பிடிக்க மாலையே மலையிறங்க வேண்டும். மதியத்திலிருந்தே வீட்டில் சிடுசிடுப்பு. கூட்டம் செவ்வாய்க்கு மாறினால் ஒரு ஞாயிறு முழுதாக மீளும். கேட்டவர்களில் சிலருக்குக் கிடைத்திருக்கிறது. பலர் கேட்டதே இல்லை. மாதத்தில் 14 இரவோ அதற்கு மேலோ வெளியே தங்குகிறவர்களுக்குத் தூக்கக் கோளாறும் பதற்றமும் மனச்சோர்வின் அறிகுறிகளும் அதிகம் என்று அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. நிறுவனத்திடம் பேசும்போது இதைக் கையில் வைத்துக்கொள்ளலாம்.

ஊருக்கு வந்தும் இரண்டு மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை, விடுதி அறையில் தனியாகக் குடிக்கும் பழக்கம் வீட்டிலும் தொடர்கிறது, பள்ளி போகும் பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கிறது என்றால் தாமதிக்க வேண்டாம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். நேரில் ஆலோசகரைப் பார்ப்பதானால் இரண்டு பேரும் சேர்ந்து வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். அந்த நாள் அமைவதற்குள் மாதங்கள் ஓடிவிடும். ஊரில் இருப்பவர் முதலில் வரட்டும், மற்றவர் தொலைபேசியில் சேர்ந்துகொள்ளலாம்.