சேற்றுக்குள் மூச்சு விடும் கோரை

எங்கள் தோட்டத்து லய வீடுகளின் தண்ணீர்ப் பீலிக்குக் கீழே ஒரு பாய் விரிக்குமளவு இடம் வருடம் முழுக்கச் சேறு. போஞ்சி போட்டேன், அழுகியது. லீக்ஸ் மஞ்சளாகிச் சாய்ந்தது. கடைசியில் ஓடையோரத்துக் கோரையில் ஒரு தூரைப் பெயர்த்து வந்து நட்டேன். "களை புடுங்கவே கை பத்தல, நீங்க கோரைய நடுறீங்களா?" என்று பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார். அவர் மனதில் இருந்தது மரக்கறிப் பாத்தியில் கிழங்கு விட்டுப் பரவும் கோரை. அதற்கு உறவுதான் இது, ஆனால் இது தேடுவது ஈரத்தை.

போஞ்சியைக் கொன்றது தண்ணீர் இல்லை, காற்றுப் பஞ்சம். வேருக்கும் ஒட்சிசன் வேண்டும். மண்ணின் இடுக்குகளில் நீர் நிறைந்துவிட்டால், ஒட்சிசன் உள்ளே ஊடுருவும் வேகம் காற்றில் இருப்பதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு குறைந்துபோகும். மிச்சமிருப்பதையும் நுண்ணுயிர்கள் சீக்கிரமே தீர்த்துவிடும்.

கோரை தன் காற்றைத் தானே கொண்டு போகிறது. தண்டைப் பிளேடால் குறுக்கே அறுத்துப் பாருங்கள். வெளியே முக்கோணம், உள்ளே வெள்ளைப் பஞ்சு மாதிரி. அந்தப் பஞ்சு முழுக்கக் காற்றுத் துளைகள். இலையிலும் தண்டிலும் புகும் காற்று அவற்றின் வழியே வேர்நுனி வரை இறங்குகிறது.

நம்பாதவர்கள் ஒரு வேரைப் பிடுங்கட்டும். சுற்றியுள்ள சேறு கறுப்பு, கூழ்முட்டை நாற்றம். வேரிலோ செம்மஞ்சள் பூச்சு. நகத்தால் சுரண்டினால் செங்கல் பொடிபோல் உதிரும். அது துருவேதான். மலையகச் செம்மண்ணில் இரும்புக்குக் குறைவில்லை. காற்றில்லாச் சேற்றில் அது நீரில் கரைந்து கிடக்கும். வேரிலிருந்து கசியும் ஒட்சிசன் பட்டதும் துருவாகி அங்கேயே படிந்துவிடும்.

நடுவது பெரிய வேலையில்லை. தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது, மூன்று நான்கு குருத்துள்ள தூராகப் பிரித்து, தண்டும் வேரும் சேரும் கழுத்து மண்மட்டத்தில் நிற்கும்படி நட்டால் போதும். மண் நனைந்திருக்கட்டும், மேலே நீர் தேங்கினால் நுளம்பு வந்துவிடும். நாற்றுமேடைகளில் விற்கும் குடைக்கோரை அழகுதான், ஆனால் அதன் ஊர் ஆப்பிரிக்கா. கோரை பெயர்க்க ஹோர்ட்டன் சமவெளிப் பக்கம் கை நீட்டவே வேண்டாம். 1988 முதல் அது தேசியப் பூங்கா.

வெட்டும்போதுதான் கவனம். முதல் வருடம் அடர்ந்த மழைக்கு முன் தூரை அடியோடு அரிந்துவிட்டேன். மறுநாள் பீலித் தண்ணீர் பெருகி, அறுத்த முனைகளையெல்லாம் மூடியது. காற்று இறங்கும் வாய் அடைபட்டதில் பாதித் தூர் அழுகிப்போனது. இப்போது ஒரு சாண் உயரம் விட்டே வெட்டுகிறேன்.