பெட்டிக்குள் கொஞ்சம் வெயில்

காலை எட்டு மணி வாக்கில் வேலி ஓணானைக் கவனித்திருக்கிறீர்களா? கம்பின் உச்சியில் ஏறி, வெயில் படுகிற பக்கமாக உடம்பைத் தட்டையாக விரித்துக்கொண்டு அசையாமல் கிடக்கும். உடம்பு சூடேறாமல் அதால் ஓட முடியாது, தின்றதும் செரிக்காது. சூடேறிய பிறகுதான் அதற்குப் பொழுதே விடிகிறது.

இந்த ஓணானுக்குப் பங்காளி முறை ஆகிற ஒன்று ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டில் இருக்கிறது. பெயர் பியர்டட் டிராகன். தொண்டையைச் சுற்றி முள்முள்ளாகத் தாடி. கோபம் வந்தால் அது கறுத்து உப்பும். அதட்டத் தெரியுமே தவிர, பழகினால் சாதுவான பிராணி. அதனாலேயே பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஏராளமான வீடுகளில் அதை வளர்க்கிறார்கள். மத்தியானம் மூன்றரைக்கே இருட்டத் தொடங்குகிற டிசம்பர் மாத லண்டனில், நாலடி நீள மரப்பெட்டிக்குள் பாலைவன வெயிலைக் கொண்டுவருவது எப்படி? அதுவும் கையைக் கடிக்காத செலவில்?

வெயில் என்று நாம் ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அதற்குள் சூடு இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் இருக்கிறது. கடையில் இவற்றைத் தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். எதில் கஞ்சத்தனம் செய்யலாம், எதில் கூடாது என்பதுதான் விஷயமே.

சூட்டில் தாராளமாக மிச்சம் பிடிக்கலாம். பழைய குண்டு பல்பு, வாங்கிய மின்சாரத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் சூடாகவே வீணடித்தது. அந்தக் குற்றத்துக்காகத்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் படிப்படியாகவும், அமெரிக்கா 2023லும் அதைக் கடைகளிலிருந்து அகற்றின. ஓணானுக்கு வேண்டியது அந்த வீண் சூடுதான். ஹாலோஜன் ஸ்பாட் பல்பு கிடைத்தால் அது ஒன்றே போதும். பல்லி படம் போட்ட அட்டைப்பெட்டியில் பல மடங்கு விலைக்கு வருவதும் பெரும்பாலும் அதே டங்ஸ்டன் இழைதான். மிச்சக் காசு படத்துக்கு. இழை விளக்கின் அகச்சிவப்புக் கதிர் தோலைத் தாண்டிச் சதைவரை இறங்கும், வெயிலைப் போல. வெளிச்சமே தராத பீங்கான் ஹீட்டரின் கதிர் தோலோடு நின்றுவிடும். மின்சாரத்தில் சுடும் செயற்கைப் பாறையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்: வயிறு வேகிற வரைக்கும் அதன்மேலேயே கிடக்கிற பிராணிகள் உண்டு.

விளக்குக்கு நேர் கீழே ஒரு கறுப்புக் கல்லோ உடைந்த தரை ஓடோ வைத்தால் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கல்லின் மேல் 40 டிகிரி செல்சியஸ், பெட்டியின் மறுகோடியில் 25. எங்கே உட்காருவது என்பதைப் பிராணியே பார்த்துக்கொள்ளும். குளிர்ந்திருக்கும்போது அதன் முதுகு கருத்திருக்கும். சூடேற ஏற வெளிறும். போதும் போதும் என்றானதும் வாயைப் பிளந்து வைத்துக்கொள்ளும். கல்லை அளக்க ஒரு அகச்சிவப்பு வெப்பமானி, சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு டிம்மர் தெர்மோஸ்டாட். இவை இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை.

புற ஊதா விளக்கில்தான் காசைப் பார்க்கக் கூடாது. ஓணானின் தோலில் 7-டீஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற பொருள் இருக்கிறது. சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரையிலான கதிர் அதன்மேல் பட்டால், அது டி3 வைட்டமினுக்கு முந்தைய நிலைக்கு மாறும். அங்கிருந்து முழு வைட்டமினாக மாற்றுவது கதிர் அல்ல, உடம்புச் சூடு. குளிர்ந்த தோலில் அந்த மாற்றம் நத்தை வேகத்தில்தான் நடக்கும். அதனால் புற ஊதாக் குழல் ஒரு மூலையிலும் சூட்டு பல்பு இன்னொரு மூலையிலும் இருந்தால் இரண்டும் பாதிக் காசுக்குத்தான் உழைக்கும். வெயிலில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன. பெட்டியிலும் இரண்டும் அதே கல்லின் மேல் விழட்டும்.

இந்த வைட்டமின் இல்லாவிட்டால் தின்கிற கால்சியம் உடம்பில் சேராது. உடம்பு எலும்பிலிருந்தே அதைச் சுரண்டி எடுக்கும். தாடை ரப்பர் மாதிரி வளையும், விரல்கள் நடுங்கும், கால் கோணும். அப்புறம் என்ன வைத்தியம் பார்த்தாலும் கோணியது முழுதாக நேராவது கஷ்டம்.

சரி, ஜன்னலோரம் பெட்டியை வைத்தால் இலவசமாகக் கிடைக்காதா? கிடைக்காது. ஜன்னல் கண்ணாடி இந்தக் கதிரை அனேகமாக முழுவதும் நிறுத்திவிடும். வெயில் நேராக அடிக்கும் நாளில் பெட்டி அடுப்பாகிவிடும். நெருக்கமான கம்பிவலை மூடியும் மூன்றில் ஒரு பங்கையோ அதற்கு மேலோ தின்றுவிடும். இணையத்தில் மலிவாக வரும் இழை பல்புகளில் 'புற ஊதா பி' (நாம் பேசுகிற இதே கதிர்தான்) என்று அச்சடித்திருப்பார்கள். நம்பாதீர்கள், அந்த இழையால் அது ஆகாத காரியம். வேண்டியது டி5 என்ற ஒல்லியான வகைப் புற ஊதாக் குழல் விளக்கு. வருஷத்துக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும், ஏனென்றால் கண்ணுக்கு அது பளிச்சென்றுதான் எரியும். கதிர் மட்டும் தேய்ந்துபோயிருக்கும்.

எவ்வளவு கதிர்? உயிரியலாளர் கேரி ஃபெர்குசனும் கூட்டாளிகளும் ஜமைக்காவிலும் அமெரிக்காவிலும் 15 வகைப் பல்லி, பாம்புகளின் பின்னாலேயே அளவுகருவியோடு அலைந்து, அவை எவ்வளவு புற ஊதாவைத் தாமாகத் தேடிப் போகின்றன என்று 2010இல் எழுதினார்கள். எவ்வளவு புற ஊதா வேண்டும் என்பதை வைத்துப் பிராணிகளை நான்கு தரமாகப் பிரிக்கும் வழக்கம் அதிலிருந்துதான் வந்தது. பியர்டட் டிராகன் மூன்றாம் தரம். கல்லின் மேல் புற ஊதாக் குறியீடு, அதாவது கதிரின் வீரியத்தைச் சொல்லும் எண், 3 முதல் 5 வரை இருக்கலாம்.

கரண்ட் பில்? 75 வாட் பல்பும் 39 வாட் குழலும் 12 மணி நேரம் எரிந்தால் சுமார் 1.4 யூனிட். யூனிட்டுக்கு 25 பென்ஸ் என்று வைத்தால் மாதம் பத்து பவுண்டு சொச்சம். இரவில் எல்லாவற்றையும் அணைத்துவிடலாம். சிவப்பு பல்பு, நீல பல்பு எதுவும் வேண்டாம். பாலைவனத்திலும் ராத்திரி குளிரும். அறை 18 டிகிரிக்குக் கீழே போகாதவரை இருட்டுக்குச் செலவே இல்லை.