இடிமேகம் முட்டி நிற்கும் கூரை

கோடை மாலையில் சென்னையிலிருந்து மேற்கே பாருங்கள். இடிமேகம் காலிபிளவர் மாதிரி கொப்பளித்துக்கொண்டே ஏறும். ஓர் உயரத்தில் சட்டென்று நின்று, தோசைக்கல்லில் ஊற்றிய மாவாகப் பக்கவாட்டில் பரவிவிடும். அங்கே கண்ணுக்குத் தெரியாத கூரை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர் டிரோபோபாஸ்.

நாம் வாழும் கீழடுக்கில் மேலே போகப் போகக் குளிரும். அதற்கு மேலுள்ள மீள் அடுக்கிலோ (ஸ்ட்ராடோஸ்பியர்), ஓசோன் வெயிலைக் குடிப்பதால், உயர உயரச் சூடு கூடும். கீழிருந்து வரும் மேகம் தன்னைவிடச் சூடான காற்றில் முட்டி நின்றுவிடுகிறது. துருவங்களில் இந்தக் கூரை சுமார் 8, 9 கிலோமீட்டர் உயரம். வெப்பமண்டலத்தில் 16, 17. அங்கே குளிர் மைனஸ் 80 டிகிரியைத் தொடும்.

இந்தக் கூரை எல்லா ஆண்டும் ஒரே உயரத்தில், ஒரே குளிரில் இருப்பதில்லை. மேலிருந்தும் கீழிருந்தும் ஏதாவது ஒன்று அதை அசைத்துக்கொண்டே இருக்கிறது.

மேலிருந்து அசைப்பது ஒரு விசித்திரமான காற்று. 1883இல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தபோது அதன் தூசு நிலநடுக்கோட்டை ஒட்டி மேற்கு நோக்கி உலகைச் சுற்றியது. சரி, மேலே வீசுவது கீழைக்காற்று, அதாவது கிழக்கிலிருந்து வரும் காற்று என்று முடிவு கட்டினார்கள். 1908இல் பெர்சன் என்ற ஜெர்மானியர் ஆப்பிரிக்காவில் பலூன் விட்டார். அது காட்டியதோ மேற்கிலிருந்து வரும் மேலைக்காற்று! இரண்டும் வெவ்வேறு உயரத்தில் வீசுகின்றன என்று சமாதானம் சொல்லியே அரை நூற்றாண்டு ஓடியது. 1960 வாக்கில்தான் புரிந்தது: ஒரே இடத்தில் இரண்டும் முறை வைத்து வீசுகின்றன. ஏறக்குறைய 28 மாதத்துக்கு ஒரு சுற்று. புதிய காற்று உச்சியில் தொடங்கி மாதம் ஒரு கிலோமீட்டர் கணக்கில் கீழே இறங்கும். மேலைக்காற்று இறங்கி வரும்போது கூரைப் பகுதி சற்றுச் சூடாகும். கீழைக்காற்று இறங்கும்போது குளிர்ந்து, கூரையும் உயரும்.

கீழிருந்து அசைப்பது எல் நினோ, அதாவது சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது. இந்தோனேசியாவின் இடிமழை பசிபிக்கின் நடுவுக்கு நகர, அதன் தலைக்கு மேலுள்ள குளிரும் கூடவே நகர்கிறது. இடையில் 1991இல் பிலிப்பைன்ஸில் வெடித்த பினாடுபோ போன்ற எரிமலை வெடித்தால், அதன் கந்தகத் துகள்கள் வெப்பத்தை உறிஞ்சி மேலடுக்கையே சூடாக்கிவிடும்.

ஓரிரு டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் மீள் அடுக்குக்குப் போகும் காற்று பெரும்பாலும் வெப்பமண்டலத்தின் இந்தக் கூரை வழியாகத்தான் ஏறியாக வேண்டும். ஏறும்போது நீராவி பனித்துகளாக உறைந்து உதிர்ந்துவிட, பத்து லட்சத்தில் நாலைந்து பங்குதான் மிஞ்சும். அந்தக் குளிரில் ஒரு டிகிரி குறைந்தாலே தப்பிப் போகும் நீராவி ஆறில் ஒரு பங்கு குறையும். 2000க்குப் பிறகு கூரை கொஞ்சம் குளிர்ந்தபோது மீள் அடுக்கின் ஈரம் சுமார் 10 சதவீதம் சரிந்தது. நீராவி வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு என்பதால் அந்தப் பத்தாண்டின் புவி வெப்பமாதல் வேகத்தையே அது ஓரளவு மட்டுப்படுத்தியதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

தெய்வம் கொடுத்தால் கூரையைப் பொத்துக்கொண்டு கொடுக்கும் என்பார்கள். 2022 ஜனவரியில் பசிபிக் தீவு நாடான டோங்காவின் கடலடி எரிமலை கீழிருந்து பொத்தது. உறைய வைக்கும் வாசலை எட்டிக்கூடப் பார்க்காமல் சுமார் 15 கோடி டன் நீராவி நேராக மேலே போய்ச் சேர்ந்தது. 2000க்குப் பின் குறைந்த அளவுக்கு ஈரம் ஒரே நாளில் கூடிவிட்டது.